பொங்கல் சீரில் வந்த ஐந்து லிட்டர் கேன்

ஆரப்பாளையம், மதுரை.
26.2.2026, வியாழன் சாயங்காலம்.

பெருமதிப்பிற்குரிய தாய்மாமா பாண்டியராஜன் அவர்கள் சமூகத்திற்கு, அக்காள் மகன் சூரியபிரகாஷ் பணிவுடன் எழுதுவது. சோழவந்தானில் தாங்களும் அத்தையும் வெற்றிலைக் கொடிக்காலும் வாடாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கு அம்மா, அப்பா, தங்கை ஜோதி, நான் நால்வரும் சுகம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் "சொல்லு மாப்ள" என்று ஆரம்பித்து நீங்களே பேசி நீங்களே வைத்துவிடுகிறீர்கள். குடும்ப குரூப்பில் போட்டால் ஒரு கும்பிடும் ஒரு ரோஜாவும் பதிலாக வரும். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. நாளை காலை அப்பா கடைக்கு வெற்றிலைக் கட்டு இறக்கிவிட்டுத் திரும்பும் முத்திருளன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் வீட்டைப் பற்றியது. இந்த வீடு போகப்போகிறது மாமா. திங்கட்கிழமை ஜோதிக்குப் பிளஸ் டூ பரீட்சை தொடங்குகிறது, நாளைக் காலையில் எங்களை வெளியே போகச் சொல்லப்போகிறார்கள்.

இந்த மாடி வீடு கிடைத்த கதை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. பதினொரு வீடு பார்த்தோம். முதல் கேள்வி பேர் என்ன, இரண்டாவது கேள்வி சொந்த ஊர் எது, மூன்றாவது கேள்வி குலசாமி எது. குலசாமியைச் சொன்னவுடன் "நேத்துத்தான் அட்வான்ஸ் வாங்கிட்டோம், ஒரு வார்த்தை முன்னால சொல்லியிருந்தா..." என்று வருத்தப்படுவார்கள். பதினொரு வீட்டிலும் நேற்றுத்தான் அட்வான்ஸ் வாங்கியிருந்தார்கள். மதுரையே நேற்று ஒரே நாளில் வாடகைக்குப் போயிருக்கிறது. பன்னிரண்டாவது வீட்டு ஹாலாஸ்யம் சார் ஒருவர்தான் குலசாமியைக் கேட்கவில்லை. "கவுச்சி உண்டா?" என்று மட்டும் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை, "கிடையாதுங்க சாமி" என்றாள். ஜோதியின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், அதற்காகச் சொன்ன பொய். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சன்னலை எல்லாம் சாத்தி, குக்கரில் விசில் போடாமல், சாம்பிராணிப் புகைக்குள் உட்கார்ந்து கண்ணெரியக் கறி தின்கிறோம். எலும்பை நான் டிபன் பாக்ஸில் வைத்து அவனியாபுரம் பட்டறைக்குக் கொண்டுபோய் அங்குள்ள நாய்களுக்குப் போடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்தை நன்கு அறிந்த நீங்கள்தான் சிவராத்திரிக்கு வெட்டிய குலசாமிக் கிடாயில் அக்காள் வீட்டுப் பங்கு என்று நாலு கிலோ கறியைச் சுமந்துகொண்டு பட்டப்பகலில் வந்தீர்கள்.

சாமிப் பங்கை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கே ஆக்கித் தின்ன வேண்டும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிளாஸ்டிக் கூடாது என்று ஊருக்கே பிரசங்கம் செய்கிற நீங்கள், பச்சைக் கறியை வாழை இலையில் சுற்றி மஞ்சப்பையில் போட்டு வந்தால் என்ன ஆகும்? அதோடு விட்டீர்களா? போன் வந்தது என்று அந்தப் பையை, கீழே குடியிருக்கும் ஹாலாஸ்யம் சார் வீட்டு மாமியின் துளசி மாடத் திட்டில் இறக்கி வைத்துவிட்டுப் பேசினீர்கள். பிறகு இருபத்திரண்டு படி ஏறி வந்து, "அக்கா, தொடைக்கறி பூராம் ஒனக்குத்தான்" என்றீர்கள். அம்மா உங்களுக்குப் பின்னால் படியைப் பார்த்தாள். கேட்டிலிருந்து எங்கள் வாசல் வரை சொட்டுச் சொட்டாக ஆட்டு ரத்தம்.

அன்றைக்குக் காலையில்தான் ஹாலாஸ்யம் சாரும் ஸ்யாமளா மாமியும் காசி யாத்திரை கிளம்பியிருந்தார்கள். கேட் சாவியை அம்மாவிடம் கொடுத்து, "துளசிக்கு ரெண்டு வேளையும் தண்ணி விடுங்கோ, உங்களை நம்பித்தான் போறோம்" என்று மாமி சொல்லிவிட்டுப் போனார். அந்தத் துளசியின் தூரில்தான் கிடாய் சொட்டியிருந்தது.

அம்மா அழ ஆரம்பித்தவுடன் நீங்கள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இதுக்குப் போயி ஏன்க்கா அழுகுற? பொங்கச் சீருல நான் குடுத்த கேன் எங்க?" என்று கேட்டீர்கள். உலகத்தில் எந்தத் தாய்மாமனும் கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசியோடு ஐந்து லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சீராகக் கொடுத்திருக்க மாட்டான். கொடிக்காலில் வேரழுகலுக்கு ஊற்றிப் பலன் கண்டதிலிருந்து நீங்கள் அதைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. பல்லுக்கு, காதுக்கு, மாட்டுக் குளம்புக்கு, நாற்றங்காலுக்கு, கக்கூஸுக்கு, அத்தையின் வெள்ளைச் சேலைக்கு என்று தினம் ஒரு குரல் பதிவு. "தண்ணியோட ஒரு ஆக்சிசன் கூடச் சேந்தது மாப்ள, அம்புட்டுத்தான். அது தொட்டா எம்புட்டுக் கறையும் போயிரும்" என்றீர்கள். ரெண்டு வாய் கறிச்சோறு தின்றீர்கள், மூணு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டீர்கள்.

எப்படி ஊற்றுவது என்று நீங்கள் அனுப்பிய குரல் பதிவை நாங்கள் கேட்காமல் இல்லை. அது ஏழு நிமிடம். முதல் ஐந்து நிமிடம் கூட்டுறவுச் சங்கத் தேர்தலைப் பற்றி. அதற்குள் அம்மா கேனைத் திறந்துவிட்டாள். ஆறாவது நிமிடத்தில், "மாப்ள, முக்கியமான விசயம், மெடிக்கல்ல விக்கிறது மூணு பர்சண்டு, இது அம்பது. ஒரு பங்குக்குப் பதினாறு பங்கு தண்ணி கலக்கணும், கையில உறை போடாமத் தொட்றக்கூடாது" என்று நீங்கள் சொல்லும்போது அம்மா எட்டாவது படியில் இருந்தாள். படியெல்லாம் புஸ்ஸென்று நுரை பொங்கி ஆவி பறந்தது. அம்மாவின் விரல் நுனி பத்தும் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்து, எரிகிறது எரிகிறது என்று கத்தினாள். குழாயடியில் அரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரத்தம் போய்விட்டது மாமா. அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தத்தோடு அந்த இடத்தில் இருபது வருட அழுக்கும் போய்விட்டது. கறுத்துக் கிடந்த படியில் சொட்டு விழுந்த இடம் மட்டும் பளீரென்று மொசைக் தெரிந்தது. கேட்டில் தொடங்கிப் படிக்குப் படி வெள்ளைப் புள்ளி, கோலத்துக்கு வைத்த மாதிரி. யாராவது அந்தப் புள்ளியைப் பிடித்து நடந்தால் நேராக எங்கள் கறிச்சட்டியில் வந்து நிற்பார்கள். அப்பா கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "பேசாம முழுப் படியையும் கழுவிருங்க, வித்தியாசம் தெரியாது" என்றார். இருபத்திரண்டு படியையும் கழுவினோம், இந்த முறை பதினாறு பங்கு தண்ணீர் கலந்து, கையுறை போட்டு. படி வெளுத்தவுடன் படியோரச் சுவர் அசிங்கமாகத் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் குடியிருந்த எத்தனையோ பேர் கை வைத்து ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசித் தேய்த்தோம். சுவர் வெளுத்தவுடன் கதவு. கதவுக்கப்புறம் அடுப்படித் தொட்டி, குளியலறை ஓட்டுச் சந்தில் பிடித்த கறுப்புப் பூஞ்சை, மஞ்சளடித்த சுவிட்சுப் பலகை. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜோதி அந்தப் பலகையை எல்லாம் கழற்றி, மருந்தைப் பூசி மொட்டைமாடி வெயிலில் காயவைத்தாள். "வேதியியல்தான்ணே படிக்கிறேன்" என்றாள். ஒரு இடத்தைத் தொட்டால் பக்கத்து இடம் காட்டிக்கொடுக்கிறது. ஒன்பது நாள். நான் பட்டறைக்கு மூன்று நாள் லீவு. முதலாளி, "என்னடா, வீட்டுல வெள்ளையடிப்பா?" என்று கேட்டார். இல்லை சார், கறி தின்றதை அழித்துக்கொண்டிருக்கிறோம் என்று எப்படிச் சொல்வேன்?

துளசிக்கு முதல் நாளே நுரை தெறித்து இலையில் பொட்டுப் பொட்டாக வெள்ளை விழுந்தது. வெளுத்த இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளினோம், கடைசியில் மாடத்தில் நின்றது வெறும் குச்சி. உங்கள் இன்னொரு பதிவைக் கடைசி வரை கேட்டு, இன்னும் நிறையத் தண்ணீரில் சில துளி மட்டும் கலந்து வேருக்கு விட்டோம். இப்போது கணுவுக்குக் கணு துளிர் எட்டிப் பார்க்கிறது. கிடாயின் புண்ணியமா, கேனின் புண்ணியமா, எனக்குத் தெரியாது.

இன்று மத்தியானம் அவர்கள் வந்துவிட்டார்கள். மாமி முதலில் துளசியிடம்தான் போனார். "என்ன இப்படி மொட்டையா நிக்கறது?" அம்மா, "புழு விழுந்துச்சும்மா, கிள்ளிவிட்டோம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாமியின் கண் அம்மாவின் விரலுக்குப் போனது. தோல் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. மாமி ரெண்டு அடி பின்னால் நகர்ந்து, "தொத்து வியாதி ஒண்ணும் இல்லையே?" என்றார். அவர் வீட்டுப் படியைத் தேய்த்துத்தான் அந்தத் தோல் உரிந்தது. நான் வாயைத் திறந்தேன், அம்மா என் காலை மிதித்தாள்.

ஹாலாஸ்யம் சார் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்றார். சுவரில் விரலை வைத்துத் தேய்த்து, விரலை முகர்ந்தார்.

"பெயிண்ட் அடிச்சேளா?"

"இல்ல சார்."

"என்னைக் கேக்காம எதுவும் பண்ணப்படாதுன்னு அக்ரிமெண்ட்லயே இருக்கு."

"தொடச்சோம் சாமி, அம்புட்டுத்தான்" என்றாள் அம்மா.

"தொடச்சதுக்கா இப்படி?" அவர் போனை எடுத்துப் படியை, சுவரை, அடுப்படியை, குளியலறையை, சுவிட்சைக்கூட விடாமல் படம் எடுத்தார். "காலம்பற வந்து பேசறேன்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். சாட்சிக்குத்தான் படம் என்று அப்பா சொல்கிறார். எதிர்வீட்டில் யாரோ அந்த மஞ்சப்பையைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று அம்மா சொல்கிறாள். அழுக்காக இருந்தால் இவர்கள் இப்படித்தான் என்பார்கள். சுத்தமாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்பார்கள். ஜோதி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே மாமா, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். வெள்ளை வேட்டி கட்டி, கையில் பையில்லாமல் வாருங்கள். வந்து சாரிடம், "கறி நான் கொண்டாந்தது, எங்க அக்கா குடும்பத்துக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், இந்த ஒருமுறை நான் குறுக்கே வர மாட்டேன். பரீட்சை முடியும்வரை, ஒரே ஒரு மாதம், இந்தப் பிள்ளை இங்கே இருக்க விட்டால் போதும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் கொடி மேலேறட்டும், வெற்றிலை நல்ல விலைக்குப் போகட்டும், கிடாயை வாங்கிக்கொண்ட சாமி எங்கள் பக்கமும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
சூரியபிரகாஷ்.

பின்குறிப்பு (வெள்ளி காலை): முத்திருளன் அண்ணன் கீழே காத்திருப்பதால் அவசரமாக எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். ஹாலாஸ்யம் சார் சிரித்துக்கொண்டே ஏறி வந்தார். கறியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. "இருபத்திரண்டு வருஷத்துல இந்தப் போர்ஷனை இப்படிப் பார்த்ததில்ல. உங்களை மாதிரிச் சுத்தமான மனுஷா கெடைக்கறது கஷ்டம்" என்று அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். பெங்களூரிலிருக்கும் மகன் சாய்ராமுக்கு நேற்றே படம் அனுப்பினாராம். பழைய வீடு, பூஞ்சை, குழந்தைக்கு ஆகாது என்று நாலு வருடமாக இங்கே வர மறுத்துக்கொண்டிருந்த பையன், படத்தைப் பார்த்தவுடன் குடும்பத்தோடு இந்த மாடிக்கே குடிவருகிறேன் என்று சொல்லிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்சுகிறார்கள். பரீட்சை என்று சொன்னேன். "நன்னாப் படிக்கற பொண்ணு, எங்க இருந்தாலும் எழுதிடுவா" என்று ஜோதியின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அம்மாவிடம் சாமானைக் கட்டச் சொன்னேன். அடுப்படிச் சன்னலில் பாதிக் கம்பி இன்னும் தேய்க்காமல் கிடக்கிறதாம், அதை முடித்துவிட்டு வருகிறேன் என்கிறாள். நீங்கள் பேச வர வேண்டாம் மாமா. சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி ஒன்று பிடித்துக்கொண்டு சனிக்கிழமையே வாருங்கள். எந்த ஊருக்கு என்று டிரைவர் கேட்டால், வந்து சொல்கிறோம் என்று சொல்லுங்கள்.