மேலே கோஸ், கீழே முள்ளங்கி

படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லாத மனிதனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வேலை நேரத்தில் உள்ளே முடங்கிக் கிடக்கும் படிப்பு, கேட்க ஆள் கிடைத்த இடத்தில் குபுக்கென்று வெளியே வந்துவிடும். நான் எம்.எஸ்ஸி. தாவரவியல். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் போல்ட்டுகளின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தேன். (போல்ட்டுக்கு மகரந்தம் கிடையாது என்பதை உறுதியாகச் சொல்ல முடிந்தது. மற்றபடி என் பட்டம் அங்கே எதற்கும் உதவவில்லை.)

அதே தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த மஞ்சுளாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் வீடு தளிக்குப் பக்கத்தில். கோஸும் முள்ளங்கியும் போடும் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. மாமனார் வெங்கடேசப்பா கல்யாணத்துக்குச் சம்மதித்தார். அவருடைய தம்பி நாகராஜ் மட்டும் கடைசிவரை முறைத்தார்.

"தெக்கத்திப் பையன். காணி நெலம் இல்ல. போல்ட்டு அளக்கறவனுக்கா பொண்ணு குடுக்கற?" என்று கேட்டாராம்.

"அவன் செடியப் பத்தி படிச்சவன்டா" என்றாராம் மாமனார்.

பாவம், அந்த ஒற்றை வாக்கியத்தை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தார்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாகராஜ் ஏதோ சலிப்பில், "கோஸ்ல வேரு வீணு. முள்ளங்கில எல வீணு. பாதிச் செடிக்கு சும்மாவே தண்ணி பாய்ச்சிக்கினு கெடக்கறோம்" என்றார்.

அவர் சொன்னது வெறும் புலம்பல். என் காதில் அது அழைப்பிதழாக விழுந்தது. களியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"ரெண்டையும் கலந்து ஒரே செடியாக்கிரலாம் மாமா. மேல கோஸ், கீழ முள்ளங்கி."

"ஆவுமா அது?" என்றார் மாமனார்.

"ரெண்டும் ஒரே குடும்பம்தான். இதோட மகரந்தத்தை அதுல வெச்சா புது இனமே வந்திரும். இயற்கையில அப்படித்தான் வருது. நாம தாளிக்கிற கடுகே ரெண்டு செடி கலந்து வந்ததுதான்."

கடுகு விஷயம் உண்மை. அந்த மதியம் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் முழு உண்மை. மஞ்சுளா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். (அப்படி அவள் பார்த்த கடைசி நாட்களில் அதுவும் ஒன்று.) மாமனார், கிணற்றை ஒட்டிய நல்ல பாத்திகளை எனக்கு ஒதுக்கினார்.

முள்ளங்கி பூத்துவிட்டது. கோஸ் அந்தச் சூட்டில் பூக்கவே பூக்காது. அதற்கு நல்ல குளிர் வேண்டும். ஊட்டிப் பக்கம் கோஸ் விதை எடுக்கும் தோட்டம் ஒன்றில் இருந்த என் கல்லூரி நண்பனைப் பிடித்தேன். அவன் மஞ்சள் பூக்களை ஈரத்துணியில் சுற்றிப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து பொட்டலத்தை வாங்கி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு தளி பஸ் ஏறினேன்.

விரியாத முள்ளங்கி மொட்டைப் பிரித்து, அதன் சொந்த மகரந்தப் பைகளைப் பிடுங்கிவிட்டு, கோஸின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். மஞ்சுளா புருவம் திருத்தும் இடுக்கிதான் என் கருவி. வரப்பில் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். "மாப்ள பூவுக்கு பேன் பாக்கறாரு" என்று ஒருத்தி சொன்னாள். வேறு மகரந்தம் வந்து ஒட்டாமலிருக்க ஒவ்வொரு கொத்துக்கும் உறை மாட்டினேன். வீட்டில் மீந்து கிடந்த எங்கள் கல்யாணப் பத்திரிகைக் கவர்கள் அதற்குச் சரியாக இருந்தன. பாத்தி முழுக்க எங்கள் இருவர் பெயரும் காற்றில் ஆடின.

அத்தனை உழைப்புக்கும் கிடைத்தது ஒரு பிடிக்கும் குறைவான விதை. நான் அசரவில்லை. அடுத்த பருவத்தில் விதைத்தேன். செடிகள் வந்தன பாருங்கள், அப்படி ஒரு வளர்ச்சி! பக்கத்துப் பாத்தியின் முள்ளங்கியும் கோஸும் அவற்றின் காலடியில் கிடந்தன. மாமனார் தினமும் காலையில் போய்ப் பார்த்தார். டீக்கடையில் சொன்னார். விதைக் கடைக்காரரிடம் சொன்னார். ஓசூர் மார்க்கெட்டில் தன்னிடம் கோஸ் எடுக்கும் வியாபாரியிடமும் சொல்லிவிட்டார்.

"எல இன்னும் உருண்டையா மூடிக்கலியே மாப்ளே?" என்று ஒருநாள் கேட்டார்.

"புது இனம் மாமா. அதுக்குன்னு ஒரு நேரம் இருக்குல்லா" என்றேன். செடியைக் கேட்டுவிட்டு வந்ததைப் போல!

பிடுங்கும் நாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. வியாபாரி வந்தார், விதைக் கடைக்காரர் வந்தார், உறவுக்காரர்கள் வந்தார்கள். நாகராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மாமனார் எனக்குத் துண்டு போர்த்தினார். நான் இருப்பதிலேயே பெரிய செடியைத் தேர்ந்தெடுத்து, பொதுக்கூட்ட மேடையில் நிற்பவனைப் போல எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிடித்து இழுத்தேன்.

சுலபமாக வந்துவிட்டது. சுலபமாக வந்ததுதான் பயமாக இருந்தது.

கீழே முள்ளங்கி இல்லை. கோஸுக்கு இருக்கிற அதே சல்லிவேர், மண்ணை உதிர்த்துக்கொண்டு தொங்கியது. மேலே கோஸ் இல்லை. முள்ளங்கியின் சொரசொரப்பான இலைகள், கையை அறுத்தன. வீணாகப் போகிற பகுதிகளை மட்டும் கவனமாகப் பொறுக்கியெடுத்து ஒரு செடி செய்திருந்தேன்.

அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. ரஷ்யாவில் ஒரு விஞ்ஞானி எத்தனையோ காலத்துக்கு முன்னால் இதே இரண்டு செடிகளை, இதே ஆசையோடு கலந்து, இதே குப்பையைப் பெற்றார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பரீட்சையில் எழுதியிருக்கிறேன். படம் போட்டு, அம்புக்குறி வைத்து, முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போட்டு எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். படித்ததையெல்லாம் விடைத்தாளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்த கழுதை நான்.

"ஏன்ரீ இது?" என்றார் வியாபாரி, என்னங்க இது என்று கன்னடத்தில்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எம்.எஸ்ஸி. ஆயிற்றே.

"அறிவியல்படி இது வெற்றிதான்" என்று தொடங்கினேன். "கலப்பு நடந்திருக்கு. ஆனா முள்ளங்கியோட குரோமோசோமுக்கும் கோஸோட குரோமோசோமுக்கும் ஜோடி சேராது. அதனால இது அனேகமா விதை கட்டாது. எப்பவாவது தற்செயலா எல்லாமே இரட்டிப்பாச்சுன்னா ஒவ்வொண்ணுக்கும் ஜோடி கிடைச்சு, அதுக்கப்புறம்தான் உண்மையான புது இனம்..."

"கடுகு அப்படி ஆவறதுக்கு எத்தன நாள் ஆச்சு?" என்று கேட்டார் நாகராஜ்.

"ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கும்."

அவர் என் கையிலிருந்து செடியை வாங்கினார். மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்கறையோடு, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"தலகீழா நட்டுட்டீங்களா மாப்ளே?"

அந்தச் சிரிப்பு கர்நாடக எல்லை தாண்டிக் கேட்டிருக்கும். விதைக் கடைக்காரர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மஞ்சுளாவும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான், ஆனால் தோள் குலுங்கியது தெரிந்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாரும் காபி குடிச்சிட்டு போங்க" என்று சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மதியம் அத்தை, மாப்பிள்ளை மனம் நோகக்கூடாதென்று அந்த இலையைப் பொரியல் செய்துவிட்டார். தேங்காய் போட்டார், பருப்பு போட்டார், எதைப் போட்டும் கசப்பு அடங்கவில்லை. ஒவ்வொருவராக ஓரத்தில் ஒதுக்கினார்கள். மாமனார் ஒருவர்தான் கடைசிவரை மென்று விழுங்கினார்.

"கீரதானே. ஒடம்புக்கு நல்லது" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

நானும் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் கசப்புதான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதோடு நாகராஜ் மாமாவுக்கு என்மேல் இருந்த பகை தீர்ந்துவிட்டது. இவ்வளவு நல்ல கதையைக் கொடுத்தவன்மேல் யாருக்குத்தான் கோபம் நிலைக்கும்? எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு புது ஆட்களுக்குச் சொல்கிறார். வருஷத்துக்கு வருஷம் கதை வளர்கிறது. சென்ற முறை அதில் ஒரு கறவை மாடு வந்தது. என் செடியைத் தின்றுவிட்டு மூன்று மாதம் பால் கறக்கவில்லையாம். அந்த வீட்டில் அப்போது மாடே கிடையாது. மறுக்கத்தான் வாயெடுத்தேன். மாடு பொய் என்றால் மற்றதெல்லாம் உண்மையா என்று எதிரில் இருப்பவர் கேட்பாரே என்று தோன்றியது. "ஆமாங்க, நல்ல மாடு" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.