குச்சி பிடித்த கை

அகராதி அலுவலகத்தில் 'ச' வரிசை முழுவதும் அவருடைய ஆட்சி. பொருள் எழுதுவதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. 'சாப்ஸ்டிக்ஸ்' என்ற சொல்லுக்கு, ஒன்று, உணவை எடுக்கும் இணைக்குச்சி; இரண்டு, பியானோ பழகுகிறவர்கள் இரு விரலால் தட்டும் எளிய மெட்டு என்று எழுதிவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் வாய்க்கொழுப்பில் ஒரு வரி கூட்டினார்.

"வீட்டுல நான் குச்சியிலதான் சார் சாப்பிடறது."

"அப்படியா? சனிக்கிழமை மத்தியானம் நானும் என் வீட்டுக்காரம்மாவும் வர்றோம். கத்துக்குடுங்க."

துணை ஆசிரியர் நாற்காலி காலியாக இருந்த நேரம். புளுகன் என்று பெயர் வந்தால் நாற்காலி போச்சு.

ஒரு ஜோடி குச்சி வாங்கினார். புத்தக அலமாரியில் தடித்த அகராதிகளுக்குப் பின்னால் ஒளித்தார். ஐந்து நாள் காலையில் மொட்டை மாடியில் வேர்க்கடலையோடு மல்லுக்கட்டினார். கடலை பக்கத்து வீட்டு மாடிவரை போனது, வாய்க்கு மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை காலை, வலது கையில் பெரிய கட்டோடு வந்து நின்றார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன். சுளுக்கு."

"சத்தமே கேக்கலையே?"

"மெதுவா விழுந்தேன்."

அவள் கட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, விருந்துக்கு நூடுல்ஸ் வேகவைக்கப் போனாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். கட்டைப் பார்த்துத் தலைமை ஆசிரியர் 'உச்' கொட்டினார். தப்பித்தோம் என்று இவர் இடது கையால் ஸ்பூனைத் தொட்டார்.

"ஸ்பூன் இவருக்கு இறங்காது சார். நானே ஊட்டிடறேன்" என்ற மனைவி, முந்தானை மறைவிலிருந்து அதே குச்சிகளை எடுத்தாள். நூடுல்ஸைச் சுருட்டி அவர் வாயில் வைத்தாள். அடுத்து ஒற்றைப் பட்டாணி. நழுவவில்லை. அவர் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"எங்க கத்துக்கிட்டீங்கம்மா?" என்றார் தலைமை ஆசிரியர்.

"தினம் இவரு சாப்பிடறதைப் பார்த்துத்தான் சார்."

தலைமை ஆசிரியர் அசந்துபோனார். "பார்த்தவங்களுக்கே இவ்வளவு வருதுன்னா, இவரைப் பத்திச் சொல்லணுமா? திங்கட்கிழமை துணை ஆசிரியர் ரூம்ல உக்காருங்க."

விருந்தாளிகள் போய்க் கதவு சாத்தியதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"பக்கத்து வீட்டம்மா நாலு நாளா கடலையைப் பொறுக்கிக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போறாங்க. நீங்க ஆபீஸ் போனதும் அலமாரியைத் துழாவினேன், குச்சி கிடைச்சது. சார்கிட்ட என்ன அளந்திருப்பீங்கன்னு புரிஞ்சது. அரை நாள்ல பழகிடுச்சு."

அவர் நன்றியோடு சோபாவில் சாய்ந்தார்.

"சாயாதீங்க. கட்டை அவுத்துட்டுப் பாத்திரத்தைக் கழுவுங்க. குச்சியை மட்டும் நானே கழுவிட்டேன். ஈரக் குச்சி, உங்களுக்குப் பிடிக்க வராது."