ஓடுவதற்கு ஒரு பாடம்

மணி அடித்தால் ஓட வேண்டும். சீனிச்சாமி மேஸ்திரி நடத்திய பாடம் மொத்தமும் அவ்வளவுதான். மணியை அடித்தார். நாற்பது பேரில் ஒருவர்கூட ஓடவில்லை. அதில் இருபது பேர் தலைப்பாகையைக் கழற்றி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றார்கள்.

"ஏலே பங்கிராசு! பாறைக்குள்ள வெடிமருந்து இருக்குன்னு நெனச்சுக்கிட்டு ஓடச் சொன்னா, நிக்கிற?"

பங்கிராஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "மணி அடிச்சா நின்னு செபஞ் சொல்லணும், மேஸ்திரி. ராயப்பன்பட்டியில பால்குடி மறந்ததுலருந்து எங்களுக்கு இதான் பழக்கம். முடிச்சிட்டு ஓடிர்றோம்."

நிஜ வெடியாக இருந்தால், செபம் முடிவதற்குள் ஆண்டவரை நேரிலேயே பார்த்திருப்பார்கள்.

கூடலூருக்கு மேலே மலையில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்த நாற்பது பேருக்கும் பாறை உடைக்கிற வேலை. வெடி வைப்பதற்கு முன்னால், நூறு எண்ணுவதற்குள், எல்லோரும் வளைவைத் தாண்டி வண்டிப்பாதையோரம் இருந்த பெரிய பாறையின் மறைவுக்குப் போய்விட வேண்டும். அப்படி ஓடப் பழக்கிக் காட்டினால் மேஸ்திரிக்குப் பத்து நாள் லீவு என்று துரை சொல்லியிருந்தார்.

அந்தப் பத்து நாளுக்காகப் பாறையைக் கையாலேயே உடைக்கக்கூடச் சீனிச்சாமி தயார். மலைக்கு வந்து எட்டு மாதம். வரும்போது மனைவி வீராயிக்கு வயிறு தெரியாது. இப்போது பெண் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. "அப்பன் வந்துதான் பேர் வைக்கணும்" என்று வீராயி அரிசி வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் பிள்ளை பேரில்லாமலே வளர்ந்துகொண்டிருந்தது. வேலைத்தளத்தில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அவருடைய ஊரான காமயகவுண்டன்பட்டியின் தென்னந்தோப்புகூடத் தெரியும். அல்லது அதுதான் என்று அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார். பிள்ளையைத் தூக்கி ஒரு தடவை உச்சி மோந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் அவருக்கு.

லீவு வேண்டுமே! மறுநாள் அரை நாள் முழுக்க உட்காரவைத்து விளக்கினார். கோயில் மணி வேறு, வெடி மணி வேறு. அது நிற்க, இது ஓட.

"வெளங்குச்சா?"

"வெளங்கிருச்சு மேஸ்திரி!" நாற்பது தலையும் ஆடின.

மணியை அடித்தார். இந்தத் தடவை நாற்பது பேரும் கைகட்டி நின்றார்கள்.

"ஏண்டா சுருளியாண்டி, நீ சுருளித் தீர்த்தத்துல முங்குறவன். ஒனக்கென்னடா இங்கன செபம்?"

"பக்கத்துல ஒரு மனுசன் சாமி கும்பிடையில நாம பாட்டுக்கு ஓடுனா, அது மரியாதையா மேஸ்திரி?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மணியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு தப்பட்டையை வாங்கி, அவரே பாறைமேல் ஏறி நின்று அடித்தார். இதைக் கேட்டு எவனும் செபம் சொல்ல மாட்டான் அல்லவா?

சொல்லவில்லை. வேலையைப் போட்டுவிட்டு நாற்பது பேரும் ஓடத்தான் ஓடினார்கள், ஆனால் அவரை நோக்கி. வெடிமருந்து வைக்க வேண்டிய அதே பாறையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"யாரு மேஸ்திரி செத்தது? சாவுக்குத்தான தப்பட்டை அடிப்பாக?"

"எங்காத்தாவா? எங்காத்தாவுக்கு ரெண்டு மாசமா முடியலயே!" சுருளியாண்டி அழவே தொடங்கிவிட்டான். அவனைச் சமாதானப்படுத்தவே பொழுது சரியாகப் போயிற்று.

அழுது முடித்த சுருளியாண்டி கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பங்கிராஸும் பார்த்தான். எல்லோரும்தான் பார்த்தார்கள். சீனிச்சாமிக்குப் பொறி தட்டியது. இத்தனை நாளும் இவர்கள் காதில் ஓதிக்கொண்டிருந்தோம். காதை ஊரிலேயே விட்டுவிட்டு அல்லவா வந்திருக்கிறார்கள்! தனக்கு மட்டும் என்ன, அதே கதைதானே?

பாதைக் காவலுக்கு வளைவில் நின்ற ஒச்சாண்டியை மறுநாள் கூப்பிட்டார். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் எப்போதாவது அரிசி வண்டியில் ஏறி வருவதுண்டு. வளைவுக்கு மேலே அவர்களை விட மாட்டார்கள். அந்த வண்டியிலேயே திரும்பிவிட வேண்டும்.

"நான் இங்கருந்து துண்டை வீசுவேன். ஒடனே 'ஊர்லருந்து ஆள் வந்திருக்கு!'ன்னு கத்தணும். தெரிஞ்சுதா?"

"ஆரு வந்திருக்கா?"

"ஒருத்தரும் வரல. நீ கத்து."

கத்தினான். நாற்பது பேரும் சிட்டாய்ப் பறந்தார்கள். எழுபது எண்ணுவதற்குள் எல்லோரும் மறைவில்! அங்கே ஒருவரும் இல்லை. ஒரு பானை சுக்குத்தண்ணிதான் இருந்தது. குடித்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். மறுநாள் அறுபது எண்ணுவதற்குள் ஓடினார்கள். பொய் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

"அப்புறம் ஏண்டா ஓடுறீக?"

"என்னைக்காச்சும் நெசமா இருந்துட்டா?" என்றான் பங்கிராஸ்.

சீனிச்சாமிக்கு மனசு சுருக்கென்றது. ஆனால் பாடம் பாடம்தான், லீவு லீவுதான்.

பரீட்சை நாளும் வந்தது. துரை கடிகாரத்தோடு நாற்காலியில் அமர்ந்தார். சீனிச்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுக்கக்கூட இல்லை, அதற்குள் கீழேயிருந்து ஒச்சாண்டி கத்திவிட்டான்.

"ஊர்லருந்து ஆள் வந்திருக்கு! மேஸ்திரீ! ஊர்லருந்து ஆள் வந்திருக்கு!"

'அவசரக்குடுக்கை! என் பேரை எதுக்குடா சேர்க்கிற?' என்று பல்லைக் கடித்தார் சீனிச்சாமி. ஆனால் நாற்பது பேரும் அதற்குள் வளைவைத் தாண்டிவிட்டார்கள். ஐம்பது எண்ணிக்கைகூட ஆகவில்லை. ஒச்சாண்டி இன்னும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். பாடம் நடத்தியவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாய், துரை பக்கத்தில் அசையாமல் நின்றார்.

துரைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மேலும் கீழும் தலையாட்டினார், கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார், பிறகு நிதானமாக லீவுச் சீட்டு எழுதி நீட்டினார். கீழே மறைவில் ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. சுக்குத்தண்ணிக்கே இந்தக் கூத்தா என்று நினைத்துக்கொண்டு, சீட்டைக் கண்ணில் ஒற்றினார் சீனிச்சாமி. தூரத்துத் தென்னந்தோப்பைப் பார்த்தார். நாளை இந்நேரம் பிள்ளை கையில் இருக்கும்.

ஒச்சாண்டி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான்.

"ஏலே, நான் துண்டு வீசாமலே எதுக்குடா கத்துன? போகட்டும், பரிச்சை பாஸாயிருச்சு!"

"பரிச்சைக்கு நான் எங்கன கத்துனேன் மேஸ்திரி? நெசமாவே வீராயி மதினி கைப்புள்ளையோட வந்து நின்னாக! பொய்யின்னு நெனச்ச நாப்பது பேரும் ஓடியாந்து புள்ளையத் தூக்கி, ஆளுக்கொரு பேரும் வச்சுட்டாக. பெத்த அப்பன் நீங்க ஒருத்தர்தான் வரலன்னு கோவிச்சுக்கிட்டு, மதினி இப்பத்தான் வண்டியேறிப் போறாக!"