முன் பெஞ்சு

"மறுபடியும் பாறைக்குப் பின்னால போயிடுச்சு!" திரேசியா டீச்சர் கத்திய கத்தலில் கணவர் வர்க்கிச்சன் தேநீரைச் சிந்திவிட்டார்.

கொச்சிக்குப் பக்கத்து வைப்பின் தீவிலேயே, பூ மாதிரி இருக்கும் கடல்சாமந்தி என்ற கடல்பிராணியை வீட்டுக்குள் வளர்ப்பது டீச்சர் ஒருத்திதான். கண்ணாடித் தொட்டியில் அது விரல்களை விரித்து ஆடுவதை எல்லோரும் பார்க்க வேண்டாமா? ஞாயிறன்று ஆலுவாயிலிருந்து நாத்தனார் ஏலிக்குட்டி வேறு வருகிறாள், புதுக் கார் வாங்கிய மிதப்போடு.

"விடு திரேசியா. அதுக்குத் தனியா இருக்கணும்னு தோணாதா?"

"முப்பது வருஷமா எப்பேர்ப்பட்ட பிள்ளைங்களையும் முன் பெஞ்சுல உட்கார வச்சவ நான். இது எம்மாத்திரம்?"

தொட்டியின் தண்ணீர்க் குழாயைப் பாறையின் பின்பக்கம் திருப்பி வேகமாக விட்டாள். சாமந்தி மூலைக்கு ஏறியது. வாசல் விளக்கைக் கழற்றி வந்து அதன் தலைக்கு மேல் கட்டினாள். அது கைமுஷ்டி மாதிரி மூடிக்கொண்டது.

"தண்ணி பழசாயிடுச்சு," என்று தீர்மானித்து, படகுக்கார அந்தப்பனிடம் பத்துக் கேன் கடல்நீர் கொண்டுவரச் சொல்லி, ஒரே நாளில் மொத்தத்தையும் மாற்றினாள்.

ஞாயிறு காலை சாமந்தி நடுவில் கிழிந்து கிடந்தது. மாதா கோயில் பூசையில் டீச்சருக்கு மனம் ஒட்டவேயில்லை.

திரும்பி வந்து பார்த்தால் தொட்டியில் இரண்டு சாமந்திகள்! ஒவ்வொன்றுக்கும் தனி வாய், தனி விரல்கள்.

"ஐயோ சேச்சி, குட்டி போட்டிருக்கு!" ஏலிக்குட்டி காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஒண்ணு எனக்குத் தருவீங்களா?"

"பார்க்கலாம். கை ராசி வேணும் இதுக்கெல்லாம்."

அன்றிலிருந்து வாரந்தோறும் அதே வைத்தியம்: வேகத் தண்ணீர், விளக்கு, புதுக் கடல்நீர். இரண்டு நான்கானது, நான்கு ஏழானது. பள்ளியில், சந்தையில், மீன்காரியிடம்கூட டீச்சர் கணக்குச் சொன்னாள். கடைசியில் பங்குச் சாமியாரே பார்க்க வந்தார்.

"ஆபிரகாமின் சந்ததி மாதிரியில்ல பெருகியிருக்கு!" என்றார் அவர்.

"எல்லாம் வளர்க்கிறவங்க கையில இருக்கு ஃபாதர்," என்றாள் டீச்சர், தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி. வர்க்கிச்சன்கூடப் பெருமையாகச் சிரித்தார்.

கேனை இறக்கி வைத்த அந்தப்பன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏழா? அடப் பாவமே! இது சந்தோஷத்துல பெருகினதில்லை டீச்சரே. இனிமே உசிரோட தப்ப மாட்டோம்னு பயந்தாத்தான் இது இப்படித் தன்னையே கிழிச்சுக்கும்!"