மண்ணை வாசலில் நிறுத்திய கிளிங்கர் நைனா

மண்ணோடு சண்டை போட்டு ஜெயித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருவொற்றியூரில், எங்கள் ஃபாக்டரி லைன் வீடுகளில் கடைசி வீட்டில் குடியிருந்தார். மற்ற ஊர்க்காரர்கள் கோபுரம், குளம் என்று எதை வேண்டுமானாலும் பீற்றிக்கொள்ளட்டும். எங்களுக்குக் கிளிங்கர் நைனா போதும்.

நைனாவுக்குப் பாய்லரில் கரி தள்ளும் வேலை. நிலக்கரி எரிந்து தீர்ந்ததும் அடியில் கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி மிஞ்சும். அதற்குத்தான் கிளிங்கர் என்று பெயர். ஃபாக்டரி அதைக் குப்பையில் கொட்டும். நைனா கூடையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருவார். உடைத்து, சலித்து, தெருக் குழாயடியில் உட்கார்ந்து கந்தக வாடை போகும்வரை அரிசி களைவதுபோல் களைவார். பின்னால் குடத்தோடு நிற்கும் பெண்கள் திட்டுவது எண்ணூர் வரைக்கும் கேட்கும். நைனாவுக்கு மட்டும் கேட்காது.

அந்தக் கட்டிகளைப் பிஸ்கட் டின்களில் நிரப்பி அவர் செடி வளர்த்தார். வாசலில் அல்ல, வீட்டுக்குள்ளே! இருந்த ஒரே அறையின் கூரையில் பாதி ஓட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்திருந்தார். அதன் கீழே தக்காளி, அவரை, குரோட்டன்ஸ், வெற்றிலைக் கொடி எல்லாம் ராஜபோகமாக வளர்ந்தன. நைனாவும் அவர் மகள் சரோஜாவும் செடிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

மொத்த வீட்டிலும் ஒரு பிடி மண் கிடையாது. யுத்த சமயத்தில் துறைமுகத்துக்கு வந்த கப்பல் இன்ஜினீயர் ஒருவர், மண்ணே இல்லாத பாறைத் தீவுகளில் சிப்பாய்கள் வெறும் சரளைக்கல்லில் சத்து உப்புகளைக் கரைத்த தண்ணீர் ஊற்றிக் காய்கறி பயிரிடுகிறார்கள் என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கப்பல் போனது, பேச்சு தங்கிவிட்டது.

டைம் ஆபீஸ் குமாஸ்தாவான நான் எதிர்வீட்டில் இருந்தேன். அந்த வீட்டுக்குள் நுழைவது கோயிலுக்குள் நுழைவதைவிடக் கஷ்டம்.

"கால ஒதறு, டைமாபீஸு."

"ஒதறிட்டேன் நைனா."

"வெரலு சந்துல ஒட்டிகினு கீது பாரு. அத்தயும் ஒதறு."

"ஒரு சிட்டிகை மண்ணு இன்னா பண்ணிடும் நைனா?"

"மண்ணு வந்தா பின்னாலயே கறையான் வரும். என் கல்யாணப் பொட்டிய அதான் துன்னுச்சு. பட்டு வேட்டி, போட்டோ எல்லாத்தயும் துன்னுட்டு பூட்ட மட்டும் உட்டு வெச்சுது."

கிளிங்கரில் சத்து கிடையாது. செடிக்கு ஆகாரத்தை நாம்தான் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அதற்காக நைனா நாட்டு மருந்துக் கடையில் வெடியுப்பும் பேதி உப்பும் வாங்குவார். வாராவாரம் இவ்வளவு பேதி உப்பு வாங்கியும் மனுஷன் நடமாடுகிறாரே என்று கடைக்காரருக்குத் தாங்க முடியாத வியப்பு. வெடியுப்பு விஷயமோ வியப்போடு நிற்கவில்லை. எங்கு பார்த்தாலும் ஸ்டிரைக், ஊர்வலம் என்றிருந்த காலம் அது. ஒருநாள் கான்ஸ்டபிள் ஒருவர் லத்தியோடு வந்து நின்றார்.

"யோவ், உள்ள குண்டு செய்யறியாமே?"

"மொதல்ல கால ஒதறு" என்றார் நைனா.

லைனே மூச்சைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. கான்ஸ்டபிள் என்ன நினைத்தாரோ, பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது ஒரு கையில் லத்தி, இன்னொரு கையில் மணி பிளான்ட் டின். அதற்கப்புறம் வாராவாரம் வந்து, "இலை பழுக்குதே நைனா, இன்னா மருந்து குடுக்கலாம்?" என்று கைகட்டி நின்றார். திருவொற்றியூரில் சட்டமே எங்கள் நைனாவிடம் மருந்துக்கு வந்தது என்று நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தோம்.

இட்லிக்கார முனியம்மா கதை இன்னொரு ரகம். நைனா களைந்து காயவைத்திருந்த கிளிங்கரில் ஒரு கூடையை அடுப்புக்கென்று தூக்கிப் போய்விட்டாள். மறுநாள் காலையில் அவளே இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"இன்னா கரி வெச்சிக்கிற நீ? எவ்ளோ ஊதனாலும் பத்த மாட்டேங்குது! நாஸ்தா யாவாரமே பேஜாராப் பூடுச்சு."

நைனா கோபப்படவில்லை. "அது ஒருவாட்டி எரிஞ்சு முடிஞ்சது முனிம்மா. இன்னொரு வாட்டி எரியாது. மொளைக்கத்தான் செய்யும்" என்றார்.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சோதனை சம்பந்தியம்மாள் உருவத்தில் வந்தது. சரோஜாவுக்குக் கொருக்குப்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், கூட்ஸ் ஷெட்டில் வேலை. சரோஜாவுக்கும் பிடித்திருந்தது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்குள் பாலிகை போட வேண்டும். சின்னக் கிண்ணங்களில் நவதானியம் விதைத்து, முளை செழித்தால் பெண்ணின் வாழ்வு செழிக்கும் என்பது நம்பிக்கை. அதிலும் மாப்பிள்ளையின் அம்மா கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்:

"புத்து மண்ணு எடுத்தாந்து போடணும். கரியில போடறேன், கல்லுல போடறேன்னு ஏதாச்சும் கேட்டேன், தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் போய்கினே இருப்பேன்."

புற்று மண்! கறையான் கட்டிய வீட்டையே பெயர்த்து நைனாவின் வீட்டுக்குள் வை என்றால்? நைனா போர் தொடுப்பார் என்று லைன் முழுக்கக் காத்திருந்தது. மறுநாள் வேலைவிட்டு வந்தவர் மண்வெட்டியோடு கிளம்பினார். பொழுது சாய்கையில், தலையில் ஒரு கூடை புற்று மண்ணைச் சுமந்துகொண்டு தெருவில் நடந்து வந்தார். யாரும் சிரிக்கவில்லை. குழாயடியில்கூடச் சத்தம் அடங்கிவிட்டது.

வாசற்படியில் சரோஜா நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் நிலைப்படியில் ஊன்றி வழியை அடைத்திருந்தாள்.

"கால ஒதறு நைனா."

"வழி உடும்மா. கழுத்து வலிக்குது."

"தலையில கீறதயும் ஒதறு. எங்கம்மாவப் பொதச்சிட்டு வந்த அன்னிக்கு, அவள வாங்கிகின மண்ணு இந்தப் படி தாண்டக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

அதுவரை நாங்கள் எல்லோரும் கறையான் கதையைத்தான் நம்பியிருந்தோம்.

"உன் கல்யாணம் நின்னுடும்மா" என்றார் நைனா. பாய்லரையே அதட்டுகிற மனிதர் பெண்ணிடம் கெஞ்சினார்.

"நிக்காது. அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். நீ கல்லக் கழுவு."

என்ன பேசினாளோ தெரியாது. "கல்யாணத்தன்னிக்கு வந்து பாக்கறேன். மொள சோடையா இருந்துச்சுன்னா தாலி ஏறாது" என்கிற அளவுக்கு மாமியார் இறங்கி வந்தார். பொடித்த கிளிங்கரில் பாலிகை தெளிக்கப்பட்டது. நைனா ஃபாக்டரிக்கு லீவு போட்டுவிட்டு, குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதுபோல் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் விட்டார். கல்யாணத்தன்று காலையில் சம்பந்தியம்மாள் வந்து (கால்களை உதறிவிட்டுத்தான்!) துணியை விலக்கிப் பார்த்தார். விரற்கடை இடைவெளி இல்லாமல் பச்சைப் பசேல் என்று நின்றது முளை. தாலி ஏறியது.

ஆனாலும் சம்பந்தியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. கல்யாணம் முடிந்து பாலிகையைக் கரைக்கக் கடலுக்குப் போனோம். மண்ணாக இருந்தால் தண்ணீர் பட்டதும் கரைந்து உள்ளே போய்விடும். நைனாவின் பாலிகை போகவில்லை. ஓட்டைக் கட்டிகளை வேர் பின்னிப் பிடித்துக்கொண்டதால் அப்படியே மிதந்தது. அலை ஏறியது, இறங்கியது. பச்சைத் தலையை ஆட்டிக்கொண்டு அதுவும் கூடவே ஏறி இறங்கியது.

"இன்னாய்யா இது, கரைய மாட்டேங்குது? இது நல்லதுக்கா கெட்டதுக்கா?" என்று சம்பந்தியம்மாள் திரும்பினார்.

நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்லவும் அவருக்கு வராது. "தெர்லீங்க சம்பந்திம்மா. கல்லுல மொளைக்கும்னு தெரியும். மெதக்கும்னு நானே இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஒரு பெரிய அலை வந்து பாலிகையைக் கொண்டுவந்து சம்பந்தியம்மாள் காலடியிலேயே ஒதுக்கியது. அவர் குனிந்து அதை எடுத்தார். ஒரு முளைகூடச் சாயவில்லை. வேரைப் புரட்டிப் பார்த்தவர், சரோஜாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"முழுவாத பாலிகைடா இது! எந்த அலை வந்தாலும் முழுவாத பொண்ணு என் வூட்டுக்கு வரா. எவனுக்குடா இந்தக் குடுப்பன கீது?"

நைனா வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீர்தான், வேறொன்றுமில்லை என்று எங்களிடம் சொன்னார். நாங்களும் நம்புவதாகச் சொன்னோம். அன்று அந்தக் கரையில் நின்ற லைன்காரர்கள் நாங்கள் ஒவ்வொருவரும், தன் வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொடுத்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினோம்.

நைனா போய் வெகுகாலமாகிறது. இன்றைக்கும் திருவொற்றியூர்க் கடற்கரையில் கறுப்பாக ஏதாவது மிதந்து வந்தால், அதன் தலையில் கொஞ்சம் பச்சை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன். வீட்டுக்குள் நுழையுமுன் காலையும் உதறிக்கொள்கிறேன்.