கார் ஷெட்டில் ஒரு சமபந்தி

பாரத நாட்டில் சமத்துவம் எங்கே, எப்போது மலர்ந்தது என்று வருங்காலச் சரித்திரக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. இடம்: மைசூர், ஜயலட்சுமிபுரத்தில் அன்னபூர்ணி அம்மாளின் பங்களா. காலம்: 1999, பிற்பகல் இரண்டரை மணி, ஊறுகாய் விளம்பரத்துக்குச் சற்று முன்பு. மலர வைத்தவர்: டைரக்டர் வெங்கடராமன்.

வெங்கடராமன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, சம்பளமில்லா விடுப்பில் கலைக்கு வந்தவர். மதிய நேரத்துத் தமிழ்த் தொடர்கள் அரவாணிகளைக் காட்டிய விதம் அவர் நெஞ்சைப் புண்ணாக்கியிருந்தது. மீசையை மழித்த ஆண் நடிகர் ஒருவர் புடவை கட்டி வருவார். கை தட்டுவார். கதாநாயகியின் குழந்தையை ஆசீர்வதிப்பார். லாரியில் அடிபட்டுச் சாவார்.

"இது அநியாயம்!" என்று முதல் ஆலோசனைக் கூட்டத்தில் மேசையைக் குத்தினார் வெங்கடராமன். "நம்ம தொடர்ல நிஜ அரவாணிதான் கை தட்டணும். நிஜ அரவாணிதான் லாரியில அடிபடணும்!"

கூட்டம் ஒருமனதாக இந்தப் 'புரட்சி'யை ஏற்றுக்கொண்டு காபி குடித்தது. தொடருக்குச் 'சமபந்தி' என்று பெயர் வைத்தார்கள்.

தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை கட்டி விற்றுக்கொண்டிருந்த சொர்ணலதா கிடைத்தாள். எல்லையோரக் கிராமமான ராமாபுரத்துக்காரி.

"கை தட்டும்மா, பார்க்கலாம்" என்றார் வெங்கடராமன்.

தட்டினாள்.

"இது ஸ்கூல் விழாவுல தட்டற தட்டு. அந்த மாதிரி தட்டு."

"எந்த மாதிரிங் சார்?"

"உங்க ஆளுங்க தட்டற மாதிரி."

"நான் பூக் கட்டறவளுங் சார். கையில எந்நேரமும் நாரு. தட்டறதுக்கு எங்க நேரம்?"

இயல்பு போதவில்லை என்று வெங்கடராமனுக்குச் சற்று வருத்தம். ஆனாலும் பயிற்சி கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று அவளையே தேர்ந்தெடுத்தார். அவள் கூலி பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒரு சீன் வேணுங் சார். அந்த ஊட்டுக்காரங்களோட நானும் ஒக்காந்து சோறு திங்கற மாதிரி. எங்கம்மா ராமாபுரத்துல மத்தியானம் டீவி பாக்கறவங்க. சேலை கட்டிட்டு வந்தா இந்த ஊட்ல சோறு இல்லைன்னு என்னை வெளியில தள்ளுனவங்க. ஒரு ஊட்ல எனக்கும் தட்டு வெக்கறாங்கன்னு அவங்க பாக்கோணும். அப்புறம் லாரியில வேணும்னா அடிபட்டுக்கறன்."

வெங்கடராமனின் கண்கள் கலங்கின. வாக்குக் கொடுத்தார். கலைஞனின் வாக்கு.

படப்பிடிப்பு நாளன்று, வீட்டுக்காரி அன்னபூர்ணி அம்மாள் அவரைத் தனியே அழைத்தாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு அவங்க மேல ரொம்ப மரியாதை. டைனிங் டேபிள் மட்டும் வேணாம். தேக்கு பாருங்க, எல்லாத்தையும் உறிஞ்சிக்கும்."

"எதை உறிஞ்சிக்கும்?"

"பொதுவாச் சொன்னேன்."

அடுத்து, மாமியாராக நடித்த பிரதிபா. "பக்கத்துல உக்காந்து நான் சாப்பிட்டேன்னா நாளைக்கு ஒரு கிருஹப்பிரவேசத்துக்கு யார் சார் என்னைக் கூப்பிடுவாங்க? தூரத்துல இருந்து வேணா அழறேன். எவ்வளவு வேணாலும் அழறேன்."

கடைசியாக ஊறுகாய்க் கம்பெனியிடமிருந்து தொலைபேசி. "இரக்கம் காட்டுங்க சார், தாராளமாக் காட்டுங்க. எங்க பாட்டிலையும் அவங்களையும் ஒரே ஷாட்டுல மட்டும் காட்டாதீங்க."

மனிதநேயத்துக்கு வந்த சோதனை! வெங்கடராமன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தயாரிப்பு மேனேஜர் குருபிரசாத்தான் வழி சொன்னான்.

"சும்னே யாக்கே சார், எதுக்கு வீண் டென்ஷன்? எடிட்டிங் எதுக்கு இருக்கு?"

விஞ்ஞானம் கைகொடுத்தது. பங்களாவுக்குள் தேக்கு மேசையில் குடும்பம் சாப்பிட்டது. எல்லாரும் வலது பக்கம் பார்த்துக் கண் கலங்கினார்கள். கட். வெளியே கார் ஷெட்டில் ஒரு பலகை, அதன்மேல் அதே நிறத்தில் விரிப்பு, அதே மாதிரித் தட்டு. சொர்ணலதா இடது பக்கம் பார்க்க வேண்டும்.

"யாரைப் பாத்துச் சிரிக்கறதுங் சார்?"

"அந்தப் பெட்ரோல் டின்னைப் பாரும்மா. அதுதான் மாமியார்."

சொர்ணலதா டின்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கவளம் விழுங்கினாள். கண்ணில் நீர் வந்தது. அந்தப் படப்பிடிப்புக் குழுவில் அவளுக்கு எதிரே உட்காரச் சம்மதித்தது அந்த டின் ஒன்றுதான்.

இரண்டு துண்டுகளையும் ஒட்டியதும் ஒரே பந்தி ஆயிற்று. தேக்குக்கும் பழுதில்லை, சமத்துவத்துக்கும் குறையில்லை. ஒளிபரப்பான அன்று மதியம், பாத்திரம் தேய்ப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வீடு வீடாக அழுதார்கள். மாதர் சங்கம் அன்னபூர்ணி அம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தியது. அவள் வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலியைக் காட்டினாள். "இதுலதான் உக்காந்து சாப்பிட்டா, பாவம்."

லாரிக் காட்சி எடுக்க வேண்டிய நாளில், பங்களா வாசலில் சொர்ணலதாவுடன் இன்னொருத்தியும் வந்து நின்றாள். கையில் ஒரு பை நிலக்கடலை. ராமாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த கௌரம்மா, அவளைப் பெற்றவள்.

"தாயி" என்று அன்னபூர்ணி அம்மாளைக் கும்பிட்டாள் கௌரம்மா. "என் வவுத்துல பொறந்ததுக்கு நான் போடாத சோத்த நீங்க போட்டீங்க. டீவியில பாத்தனுங்க. அன்னையிலிருந்து எனக்கு ஒரு வாய் எறங்கல. எம்புள்ளய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவ வந்தனுங்க. போறதுக்கு முன்னால ஒருக்கா, அந்த மேசையில அது திங்கறதக் கண்ணால பாத்துக்கறன்."

மாதர் சங்கத் தலைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள். அன்னபூர்ணி அம்மாளால் மறுக்க முடியுமா? கௌரம்மாவைத் தேக்கு மேசையில் உட்கார வைத்தாள். சோறும் சாம்பாரும் பரிமாறினாள். குருபிரசாத் கண்ணைக் காட்டினான். பழகிப்போன சொர்ணலதா சத்தமில்லாமல் கார் ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

கௌரம்மா பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். காலி.

"எம்புள்ள எங்கீங்?"

வெங்கடராமன் கனிவாகச் சொன்னார்: "அடுத்த ஷாட்ல வருவாங்கம்மா."

கௌரம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் மேசையருகே நின்ற பிரதிபா, தொழில் பழக்கத்தில், வலது பக்கம் பார்த்துக் கண் கலங்கினாள். அந்தப் பார்வை போன திசையில் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கார் ஷெட் தெரிந்தது. பலகை தெரிந்தது. பலகையின் முன்னால் சொர்ணலதா உட்கார்ந்திருந்தாள். கௌரம்மா எழுந்தாள்.

"நானும் தொரத்துனவதான், தாயி. ஆனா தொரத்தறன்னு சொல்லிட்டுத் தொரத்துனன்."

தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கார் ஷெட்டில் மகளை ஒட்டி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை அவள் வாயில் வைத்தாள். அடுத்ததைச் சொர்ணலதா அவளுக்கு ஊட்டினாள். தட்டு ஒன்று, கைகள் இரண்டு.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்ற வெங்கடராமனின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கிளிசரின் இல்லாமல் வந்த நிஜக் கண்ணீர். அதைத் துடைக்காமலே ஆணையிட்டார்:

"அற்புதம்! குரு, இதை அப்படியே எடுத்துடணும். அம்மா வேஷத்துக்குப் பிரதிபா. டைனிங் ஹால்ல ஒரு ஷாட், கார் ஷெட்ல ஒரு ஷாட்!"