வெள்ளைப் பின்னணி

ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் இல்லாமல் இருக்கலாம். கரும்பலகை இல்லாமல் இருக்கலாம். ஏன், பிள்ளைகளே இல்லாமலும் இருக்கலாம். ஆசிரியர்களின் பின்னணியை விசாரிக்க ஒரு குழு இல்லாமல் மட்டும் இருக்கவே கூடாது.

இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்த தாளாளர், கண்டுபிடித்த கையோடு 'ஆசிரியர் பின்னணி ஆய்வு உயர்மட்டக் குழு'வை அமைத்தார். தலைவர் அவரே. உறுப்பினர் டிரில் மாஸ்டர். செயலாளர் கிளார்க்கம்மா. கீழ்மட்டக் குழு என்று ஒன்று இல்லாததால், இதை உயர்மட்டம் என்று அழைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

கிளார்க்கம்மாவுக்கு இதில் தனி அக்கறை. காலியாக இருந்தது ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடம். அவள் மகள் படிப்பதும் அதே ஐந்தாம் வகுப்பு.

இரண்டு விண்ணப்பங்கள் வந்திருந்தன. முதலாவது ஒரு டீச்சருடையது. தாளாளர் கோப்பைத் திறந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பின்னணி சரியில்லையே."

கிளார்க்கம்மாவுக்குப் பகீரென்றது. "ஏன் சார், போலீஸ் கேஸ் ஏதாவதா?"

"ஃபோட்டோவைப் பாருங்க. பின்னால நீலம். விண்ணப்பத்துல என்ன போட்டிருக்கோம்? பின்னணி வெள்ளையா இருக்கணும்னு போட்டிருக்கோமில்ல?"

டிரில் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "கரு நீலம் சார்" என்று நிலைமையின் தீவிரத்தைக் கூட்டினார்.

டீச்சர் உள்ளே அழைக்கப்பட்டார். வந்தவர் சும்மா இருக்கவில்லை.

"சார், வெளியில உக்காந்திருக்காரே, அவரும் நானும் ஒரே ஸ்கூல்ல வேலை பார்த்தோம். பிள்ளைங்க காதைப் பிடிச்சுத் திருகுவாரு. ரத்தம் கட்டிடும். நான் எழுதிக் கொடுத்தேன். அவருக்குச் சான்றிதழ் கொடுத்தாங்க, எனக்கு மெமோ கொடுத்தாங்க."

தாளாளர் கண்களை மூடித் திறந்தார். "கிளார்க்கம்மா, குறிச்சுக்கோங்க. 'அடுத்தவர் பின்னணி பேசும் பழக்கம் உண்டு.'"

கிளார்க்கம்மா குறித்துக்கொண்டாள். பாதியில் பேனா திக்கியது. மை கட்டியிருக்கும்.

அடுத்து வந்தவர் ஃபோட்டோவில் பின்னணி வெள்ளை, சட்டை வெள்ளை. முகம் மட்டும் தனியாக மிதந்தது. கூடவே ஆறு பள்ளிகளின் ஆறு நன்னடத்தைச் சான்றிதழ்கள். 'இவரிடம் படித்த பிள்ளைகள் இவரை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.' 'இவர் நடத்தும் பாடம் காதில் ஏறும்.' ஆறாவது, 'இவர் எங்களை விட்டுப் போவது நாங்கள் செய்த பாக்கியம்' என்றது. அது டைப்பிங் பிழை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

"ஒரு இடத்துலயும் பத்து மாசத்துக்கு மேல இருக்கலையே சார்?" என்றார் டிரில் மாஸ்டர்.

"போட்டி போட்டுக் கூப்பிட்டிருக்காங்கய்யா!"

கிளார்க்கம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மதியம் யாருக்கும் தெரியாமல் அந்த ஆறாவது பள்ளிக்கு ஃபோன் போட்டாள். எடுத்ததும் ஒரு கிளார்க்தான்.

"என் பொண்ணு அந்த வகுப்புலதான் படிக்கிறா. அதான் கேக்கறேன். மனுஷன் எப்படி?"

எதிர்முனையில் ஒரு செருமல். "தங்கமான மனுஷருங்க. எப்ப சேர்த்துக்கறீங்க?"

"அடுத்த வாரம்."

"இன்னைக்கே முடியாதா?"

சேர்ந்த பத்தாம் நாள் அவர் பெயர் 'ரேடியோ சார்' ஆகிவிட்டது. கணக்கு தப்பினால் வலது காதைப் பிடித்து, ஸ்டேஷன் கிடைக்கும் வரை திருகுவார். ஒரு நாள் கிளார்க்கம்மாவின் மகள் காதை மறைத்துத் தலைமுடியை இழுத்து விட்டபடி வீட்டுக்கு வந்தாள்.

"ஏழாம் வாய்ப்பாடு தப்பாயிடுச்சும்மா. கொரகொரங்குதுன்னு சொல்லித் திருகினாரு."

"நீ கத்தலையா?"

"கத்தினேன். 'இப்ப கிளியரா கேக்குது'ன்னாரு."

மறுநாள் கிளார்க்கம்மா தாளாளரிடம் போய் நின்றாள். அவர் கோப்பை எடுத்து அந்த ஆறு சான்றிதழ்களையும் மறுபடி படித்துக் காட்டினார். அத்தனையும் ஒரிஜினல்.

டிரில் மாஸ்டர் மைதானத்தில் "வலது பக்கம் திரும்பு!" என்று குரல் கொடுத்தால், ஐந்தாம் வகுப்பு மொத்தமும் வலது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்று கேள்வி. இதை அவரே பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பத்தாம் மாதம் ஒரு பிள்ளைக்குக் காது மடல் கிழிந்து மூன்று தையல். உயர்மட்டக் குழு அவசரமாகக் கூடியது.

"போலீஸ்ல சொல்லிடலாம் சார்" என்றாள் கிளார்க்கம்மா.

"சொன்னா விசாரிக்க வருவாங்க. வந்தா நம்ம ஸ்கூலோட பின்னணி என்ன ஆகறது? நல்லபடியா ஒரு சான்றிதழ் டைப் பண்ணுங்க. மனுஷன் திங்கட்கிழமை இங்க இருக்கக் கூடாது."

திங்கட்கிழமை இருக்கக் கூடாது என்ற இடத்தில் கிளார்க்கம்மா மறுபேச்சுப் பேசவில்லை. டைப் செய்தாள். ஏழு சான்றிதழ்களில் அதுதான் சிறந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'பிள்ளைகளின் செவித்திறனில் தனிக் கவனம் செலுத்துபவர்' என்ற வரியைத் தாளாளரே இரண்டு முறை படித்து ரசித்தாராம்.

அந்த வார வெள்ளிக்கிழமையே ஃபோன் அடித்தது. வேறொரு ஊரின் பள்ளிக்கூடம். தயங்கித் தயங்கி ஒரு பெண் குரல்.

"அக்கா, நானும் கிளார்க்குதான். என் பையன் இங்க நாலாவது படிக்கிறான். அவன் வகுப்புக்குத்தான் இந்த சார் வரப்போறாரு. அதான் கேக்கறேன். மனுஷன் எப்படிக்கா?"

ஜன்னலுக்கு வெளியே மகள், தலைமுடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வந்துவிட்டால் அவர் இங்கே இருக்க மாட்டார். கிளார்க்கம்மாவின் தொண்டைக்குள் அந்தச் செருமல் தானாக வந்து நின்றது.

"தங்கமான மனுஷரும்மா. எப்ப சேர்த்துக்கறீங்க?"

பின்னணி விசாரணையின் முக்கியத்துவத்தை இனியும் யாராவது சந்தேகப்படுவீர்களா? அது மட்டும் இல்லையென்றால், ஒரு மனிதரை ஏழு பள்ளிக்கூடங்கள் சேர்ந்து, காதும் காதும் வைத்த மாதிரி, எட்டாவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் எப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பது?